பேர் எழுதாத பிராது

சக்கரம் இறங்கியாச்சு, பெல்ட்டும் போட்டாச்சு. இதோ தரை வந்துடுச்சு என்று கோதண்டபாணி மூச்சு விட்ட நேரம், விமானம் விர்ரென்று மறுபடியும் மேலே ஏறிவிட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனி வைத்திருக்கும் மனுஷன். மும்பையில் ஆர்டர் பிடித்த கையோடு விடியற்காலை விமானம் ஏறியிருந்தார். பத்து மணிக்குப் பெண்ணாடத்தில் தங்கச்சி மகள் வெண்பாவுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்தணும்?

மைக்கில் பைலட் சண்முகப்ரியா பேசினார். பனிமூட்டத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லையாம். வழிகாட்டுகிற தரைக்கருவியும் திடீரென்று நின்றுவிட்டதாம். அதனால் பெங்களூருக்குப் போகிறோம் என்றார்.

கோதண்டபாணிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பொம்பளை கையில் ப்ளேனைக் கொடுத்தால் இப்படித்தான் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினார். நான் பனியில் கார் ஓட்டாததா என்று சவடால் வேறு. அந்த மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெங்களூரில் இறங்கும்போது வாசலில் நின்ற சண்முகப்ரியாவையும் அவர் விடவில்லை.

"ஒரு கருவி போச்சுன்னா, அட்ஜஸ்ட் பண்ணி எறக்கக் கூடாதாம்மா?"

"கோளாறுன்னு தெரிஞ்ச பிறகும் இறக்குனா, பின்னால உட்கார்ந்திருக்கறவங்களுக்கு யார் சார் பதில் சொல்றது?"

கார் பிடித்து, அடித்துப் பிடித்துப் பெண்ணாடம் போய்ச் சேர்ந்தபோது பந்தியே முடிந்திருந்தது. சித்தப்பா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட வெண்பா, ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தாள். தங்கச்சி பானுமதி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"உனக்கு ஆர்டருதான முக்கியம்? இனிமே எங்க வூட்டு வாசப்படி மிதிக்காதண்ணே."

கூடப் பொறந்த ஒரே தங்கச்சி. திரும்பி வரும் வழியில் மனுஷன் அழுதேவிட்டார்.

அழுகை அடங்கியதும் ஆத்திரம் வந்தது. காரை நேரே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு விடச் சொன்னார். அநியாயம் செய்தவன் மேல் அங்கே முருகனிடம் பிராது எழுதிக் கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். பிராது எழுதிக் கொடுக்கிறவர் எதிராளி பேரைக் கேட்டார்.

பைலட் பேரைச் சொல்ல வாயெடுத்தார் கோதண்டபாணி. கருவி ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பொண்ணு இறக்கியிருக்குமே என்று தோன்றியது.

"பேர் தெரியாதுங்க. அந்தக் கருவி நின்னு போனதுக்கு எவன் காரணமோ, அவன் தொழிலே படுத்துடணும். அப்படியே எழுதுங்க."

எழுதிக் கட்டியதும்தான் அவருக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் அடங்கியது.

அடுத்த வாரம் திலீபன் போன் பண்ணினான். அவரிடம் சரக்கு எடுக்கிற எலெக்ட்ரிகல் கான்ட்ராக்டர். குரலே சரியில்லை.

"அண்ணே, விரிசல் இருக்குதுன்னு நான் ஒதுக்கி வெச்ச உங்க கம்பெனி ப்யூஸ் பீங்கான, யாரு பாக்கப் போறா, சேத்து அனுப்புன்னீங்களே. அது ஏர்போர்ட்டுல வெடிச்சிருக்குதுண்ணே. ரன்வே கருவிக்குக் கரண்டு போற பெட்டியில."

"எப்ப?"

"போன வாரம். காலையில வந்த ப்ளேனு எறங்க முடியாம பெங்களூருக்குத் திரும்பிடுச்சாம். யாரு சரக்குன்னு விசாரிக்கறாங்க. எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன்."

நீ அப்படியே சொல்லிக்கிட்டிரு என்று போனை வைத்தவர், போட்ட சட்டையோடு கோயிலுக்கு ஓடினார். பிராதை வாபஸ் வாங்கணும் என்றார்.

எழுதிக் கொடுக்கிறவர் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வாங்கிடலாம். எதிராளி வந்து தப்ப ஒத்துக்கிட்டாருங்களா?"

கோதண்டபாணி சந்நிதிப் பக்கம் பார்க்காமல், கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்லீங்க."