சேனாதிபதிக்கு ஒரு பரிசு

கண்ணாடி மேசைக்குள் மஞ்சள் விளக்கு எரிகிறது. பல முகம் கொண்ட பகடைகளும் விரல் உயரப் பொம்மை வீரர்களும் சூனியக்காரிகளும் அந்த வெளிச்சத்தில் நிற்கிறார்கள். கணவனின் பிறந்தநாளுக்குப் பரிசு வாங்க வந்தவள் கைப்பையை மார்போடு அணைத்தபடி குனிந்து பார்க்கிறாள். ஒன்றும் பிடிபடவில்லை. சனிக்கிழமைதோறும் அவன் இந்தக் கடையில் நண்பர்களோடு உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் புனைந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கிறான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். கைபேசியில் அவன் படத்தைக் காட்டுகிறாள். கடைக்காரர் முகம் மலர்கிறது.

"அட, நம்ம சேனாதிபதி வீட்டம்மாவா! வாய் ஓயாத மனுஷன்மா. அவர் பேச ஆரம்பிச்சா டீ ஆறிப்போறதுகூடத் தெரியாது."

வேறு யாரையோ சொல்கிறார் என்று படத்தை மறுபடி நீட்டுகிறாள். வீட்டில் அவளுக்குக் கிடைப்பது வெறும் "ம்". அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதே "ம்"தான்.

"இவரேதான்மா. கதையில பொண்டாட்டியைப் பறிகொடுத்த சேனாதிபதி. போன வாரம் அவளை நினைச்சுப் பேசினார் பாருங்க, எங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு."

"என்ன பேசினார்?"

"அவ குரலை இன்னொரு தடவை கேட்டா போதும்னார்."

வெளியே பேருந்து உறுமிப் போகிறது. கண்ணாடி மெல்ல அதிர்கிறது.

"அந்தப் பொண்டாட்டி பொம்மை இருக்கா?"

"செத்துப்போனவளுக்கு ஏதும்மா பொம்மை?" கடைக்காரர் சிரிக்கிறார்.

அவளும் வராத சிரிப்பை இழுத்துவைத்துக்கொண்டு, மேசைக்குள் விளக்கொளி எட்டாத மூலையில் நிற்கும் பெண் பொம்மையைக் காட்டுகிறாள்.

"அங்க ஒருத்தி நிக்கிறாளே, அவளையே அவருக்குக் கட்டிக் குடுத்துடுங்க."