கரேலும் ஸ்டெஃபானும்

மனைவி இறந்த பிறகு, கணேசலிங்கம் மனம்விட்டுப் பேச லண்டனில் ஒருவர்தான் இருந்தார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் வரும் ஸ்டெஃபான். 'செக் மொழியில் பேச ஆள் தேவை' என்று இவர் நூலகப் பலகையில் ஒட்டிய துண்டைப் பார்த்து அழைத்தவர்.

கணேசலிங்கம் இளமையில் செக் தலைநகர் பிராக்கில் படித்தவர். அங்கே நண்பர்கள் வைத்த 'கரேல்' என்ற பெயரையே ஸ்டெஃபானிடமும் சொல்லியிருந்தார். தமிழன் என்று தெரிந்தால் அழைப்பு நின்றுவிடுமோ என்ற பயம்.

இவர் செக்கில் பேசுவார், அவர் ஸ்லோவாக்கில் பதில் சொல்வார். செக்கியரும் ஸ்லோவாக்கியரும் ஒரே நாடாயிருந்த காலம்போல இருவருக்கும் இரண்டும் விளங்கின.

"பிரிந்து போனது உங்கள் ஆட்கள்தானே?" என்று கணேசலிங்கம் சீண்டுவார்.

"ஸ்லோவாக்கியர் எல்லோர் சார்பிலும் மன்னிப்பு!" என்று ஸ்டெஃபான் சிரிப்பார்.

திடீரென்று இரண்டு ஞாயிறு அழைப்பில்லை. கிறிஸ்மஸ் அட்டை அனுப்ப வாங்கிய முகவரியோடு கணேசலிங்கம் வட லண்டனில் உள்ள எட்மண்டனுக்குப் போனார்.

வேட்டி கட்டிய ஒருவர் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார்.

"ஸ்டெஃபான் இருக்கிறாரா?" என்று கணேசலிங்கம் பழக்கத்தில் செக்கிலேயே கேட்டார்.

அவர் திகைத்தார். "நான்தான்" என்றார் ஸ்லோவாக்கில். பிறகு மெதுவாக, "நீங்க... தமிழா?"

"ஓம். யாழ்ப்பாணம்."

"நான் சேஷாத்ரி, கும்பகோணம். ஸ்லோவாக் ஊர் பிராட்டிஸ்லாவாவில படிச்சேன், ஸ்டெஃபான் அங்க வெச்ச பேரு. கீழே விழுந்துட்டேன், ஃபோனும் உடைஞ்சுபோச்சு."

சிரித்தார்கள். ஊரையும் பிள்ளைகளையும் விசாரித்தார்கள். அதோடு பேச்சு தீர்ந்துபோனது. இரவெல்லாம் அழுததைக்கூட அந்நிய மொழியில் சொல்லிக்கொண்டவர்களுக்குத் தமிழில் கூச்சமாயிருந்தது.

விடைபெறும்போது சேஷாத்ரி தயங்கினார். "அடுத்த ஞாயிறு கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்கோ. கரேல் வீட்டிலதான் இருப்பான்."