ஓடாத ரோபோ

"இதுவும் ஓடாது" என்றார் அதிகாரி.

கேப்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாம் வகுப்புதான் என்றாலும், ரோபோ குழுவின் ஆறு பெண்களுக்கும் அவள்தான் தலைவி.

"சார், நீங்க இன்னும் சுவிட்சே போட்டுப் பார்க்கலையே!"

"எதுக்கும்மா? பார்த்தாலே தெரியுதே."

ரோபோ வகுப்பை நடத்திவந்த அறக்கட்டளையை மூடிவிட்டார்கள். அதன் சாமான்களைப் பட்டியல் எடுக்க வந்திருந்தார் மனிதர். வகுப்பு நின்றுவிடக் கூடாதென்று டீச்சர் நாயாய் அலைந்து, நூலகத்தில் ஓர் அறை பிடித்துவிட்டார். சனிக்கிழமைப் போட்டிக்குப் பள்ளியின் பெயரிலேயே பதிவும் செய்தாயிற்று. இனி வேண்டியது சாமான்கள்தான்.

ரோபோ ஓடுகிற அழகைப் பார்த்தால் அதிகாரி மனமிரங்கி அப்படியே விட்டுப்போவார் என்பது கேப்டனின் திட்டம். அதற்காகக் காலையிலிருந்து சக்கரங்களுக்கு எண்ணெய் விட்டு, வயர்களைப் பின்னல் போட்டு, கல்யாணப் பெண்ணைப் போல ஜோடித்து வைத்திருந்தார்கள்.

மனிதரோ லேப்டாப்பைப் பார்த்தார். "பழுது." பேட்டரிகளைப் பார்த்தார். "பழுது." மோட்டார் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. "பழுது."

"பழுதானதையெல்லாம் என்ன சார் பண்ணுவீங்க?"

"குப்பைதான்."

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்களேன்!"

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். நேற்றுவரை புலியாகச் சீறியவர், ஒரு ஃபைலைக் கண்டதும் பூனையாகிவிட்டாரே!

அதிகாரி பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இதைவிட்டால் வேறு சமயம் வாய்க்காது. கேப்டன் சுவிட்சைத் தட்டினாள்.

ரோபோ 'உர்ர்' என்று கிளம்பியது. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மேஜைக்கு வந்து நின்றது. கையை மெல்ல உயர்த்திப் பேனாவைக் கவ்வியது. ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அரை வட்டம் திரும்பி, அதிகாரியின் மூக்குக்கு நேரே பேனாவை நீட்டியது.

"ஹே...!" அறையே அதிர்ந்தது. கேப்டன் குதித்த குதியில் ஒரு செருப்பு பீரோவுக்கடியில் போய்விட்டது.

"எப்படி சார்?"

அதிகாரி பேனாவை வாங்கிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ்" என்று ரோபோவிடமே சொன்னார். அதே பேனாவால் பட்டியலில் எழுதினார்: 'ரோபோ, ஒன்று. இயங்கவில்லை.'

"சார்! கண்ணென்ன பிடரியிலயா இருக்கு?"

வாய் தவறிவிட்டது. டீச்சர் அவள் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. பட்டியலை அவள் பக்கம் திருப்பினார். "கேப்டன் நீதானே? படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடு. டீச்சரும் போடுவாங்க."

அழுகையை அடக்கிக்கொண்டு படித்தாள்.

'நல்ல நிலையில் உள்ளவை: பீரோ இரண்டு, மேஜை நான்கு. இவை ஏலத்துக்கு.'

அதன் கீழே, 'பழுதானவை: ரோபோ, லேப்டாப், பேட்டரிகள், மோட்டார்கள், கருவிகள் அனைத்தும். இவை ஏலத்துக்கு உதவாத குப்பை. அள்ளிச்செல்லும் பொறுப்பு: ரோபோ குழு மாணவிகள்.'

இன்னொரு முறை படித்தாள். டீச்சர் இப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தோள் குலுங்கியது சிரிப்பில்.

"சார்..." கேப்டன் சட்டென்று கையெழுத்தைப் போட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள குப்பையைக் காலி பண்ணிடணும். ஒரு ஸ்க்ரூகூட மிச்சமிருக்கக் கூடாது, தெரிஞ்சுதா?"

"சரி சார்! ஆனா எங்களுக்காக நீங்க எதுக்கு சார்...?"

அதிகாரி ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தார்.

"சனிக்கிழமை உங்களோட மோதப்போறது என் பொண்ணோட டீம். அவ ஜெயிச்சா, ஓடுற ரோபோவை ஜெயிக்கட்டும்மா."