சைக்கிள் நிறுத்திய குற்றம்

ஏரம்பர் வந்து அமர்ந்ததும் பல்கலைக்கழக வளாகத்து வாங்கில் இருந்த மூவரும் மெல்ல எழுந்து போய்விட்டார்கள். முந்தின கிழமைதான் மாற்றலாகி வந்த அலுவலர் ஜெகதீஸ்வரிக்கு அது விளங்கவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டாள்.

“என்ன அலுவல் ஐயா?”

“மேன்முறையீடு பிள்ளை.” தண்டத் துண்டை நீட்டினார். ‘மாணவன் ஏ. கிருசாந்தன். நூலக வாசலில் சைக்கிள் நிறுத்திய குற்றம். 12.08.1999, பின்னேரம் மூன்று மணி.’ கீழே பையனின் கையெழுத்து.

“மகனுக்காக இதுக்குப் போய் அலையிறீங்களோ? தண்டத்தைத் தள்ளுபடி செய்யிறன். துண்டைக் கிழிச்சுப்போடுவம்.”

“ஐயோ, கிழிக்காதேங்கோ!” அவர் பதறி எழுந்தார். “என்ர மேன்முறையீட்டை நிராகரிச்சு, சீல் குத்திக் கடிதம் தாங்கோ.”

“தோக்கிறதுக்கோ மேன்முறையீடு?”

“அண்டைக்குப் பின்னேரம்தான் கண்டி றோட்டில வச்சு அவனை வாகனத்தில ஏத்திக்கொண்டு போனவங்கள். ஆமி முகாமில கேட்டால், ஒரு கிழமைக்கு முதலே இயக்கத்துக்குப் போயிட்டானாம். வெறும் துண்டை நம்பமாட்டினமாம். அண்டைக்கு அவன் இங்க வந்தவன் எண்டு கடிதம் கேட்டன். பயத்தில ஒருத்தரும் தரேல்லை. குற்றம் செய்தவன் எண்டாவது எழுதித் தாங்கோ பிள்ளை.”

ஜெகதீஸ்வரி எழுதினாள். கையெழுத்து வைத்து, சீலும் குத்திக் கொடுத்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலோடு அதே வாங்கில் போய் அமர்ந்தாள்.

பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல எழுந்து போய்விட்டார்கள்.