தட்டிக்கு அந்தப் பக்கம்

“இன்னாடி கண்மணி, நேத்து உன் வூட்ல ஒரே ஒப்பாரி?” கோரமண்டல் லைன் சுரங்கக் குடியிருப்பின் குழாயடியில் குடத்தை இறக்கும்போதே ஆரம்பித்தாள் நாகம்மா.

“கதை படிச்சோம்க்கா. பத்திரிகையில தொடர்கதை வருதில்ல, அது.”

“எவளோ ஒருத்தி மூட்டையோட ரயிலடியில நின்னா உங்களுக்கு இன்னாடி அழுகை? பொம்பளைங்களுக்கு வேலை இல்லன்னா இப்படித்தான். நம்ம ரெண்டு வூட்டுக்கும் நடுவுல இருக்கிறது வெறும் மூங்கில் தட்டி. நைட் ஷிப்ட் பார்த்துட்டு வந்து ஆம்பளைங்க தூங்க வேணாம்?”

வாரா வாரம் விழுகிற திட்டுதான். எப்போதும் சிரித்துவிட்டுப் போகிற கண்மணிக்கு அன்றைக்கு முகம் சுண்டிப்போனது.

“இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லக்கா. கோடி வூட்டு ராணிகிட்ட போய்ப் படிச்சிக்கிறோம்.”

“நல்லதாப் போச்சு” என்றாள் நாகம்மா.

பத்திரிகை வருகிற அடுத்த வியாழக்கிழமை, மதியச் சங்கு ஊதியதும், நாகம்மா முறத்தில் அரிசியை எடுத்துக்கொண்டு தட்டியோரம் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். காலையிலேயே கல் பொறுக்கிய அரிசி. புருஷன் சுரங்கத்தில் செத்துப்போன பிறகு அந்த வீட்டில் தூங்குவதற்கு எந்த ஆம்பளையும் இல்லை.

கொண்டை ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாய் அவளே பெரிதாக்கிய ஓட்டையில் காதை வைத்தாள். கண்மணியின் குரல் இல்லை. அந்தப் பக்கம் யாருமே இல்லை.

ரயிலடியில் நின்றவள் வண்டி ஏறினாளா, வீட்டுக்கே திரும்பினாளா? இனி அதை யாரிடம் போய்க் கேட்பது?

நாகம்மா அந்த அரிசியில் மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள்.