தேசங்காவின் கோப்பை

"பெரியப்பா, பாட்டுல பாஸ் அடி வந்தாலே ஒரு கரகரப்பு. போன வருஷம் நீங்கதான கண்டுபிடிச்சீங்க? நீங்களே சரி பண்ணிக் குடுத்துருங்க."

ஓக்னென் காரின் பின்கதவைத் தூக்கிவிட்டான். உள்ளே, சவப்பெட்டி அகலத்துக்கு ஒரு மரப்பெட்டி. அதில் அடி ஓசைக்கான பெரிய ஸ்பீக்கர்கள், இரண்டு சப்வூஃபர்கள்.

அவனோடு வந்த மூன்று பேர் ராதிசாவின் கார் ஸ்பீக்கர் கடைவாசலில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார்கள்.

ராதிசாவ் அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு இப்போதெல்லாம் அவருக்கு அந்த வழியாகத்தான் வருகிறது.

கார்களின் வயிற்றுக்குள் தலையை விட்டே காலம் தள்ளியதற்குக் கிடைத்த கூலி. அடி ஓசைகள் உடம்பில் வந்து தட்டும். அதற்கு மேலே உள்ள கரகரப்பு, கீச்சு, சிணுங்கல் எல்லாம் போயே போய்விட்டது.

வெளியே தெரிந்தால் நடுவர் நாற்காலி போய்விடும். சனிக்கிழமை நிஷ் நகரில் கார் ஒலிப் போட்டி. தெற்கு செர்பியாவின் கார் பைத்தியங்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து நிற்கும் நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டுகிறார்.

ஒருத்திக்கு மட்டும் தெரியும். மனைவி தேசங்கா. ஓக்னெனின் அம்மாவுக்கு அக்கா.

கடையானாலும் போட்டியானாலும் அவள் எதிரே நாற்காலி போட்டு, காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருப்பாள். குடித்து முடித்த கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, வண்டலில் ஜோசியம் பார்ப்பது இந்த லெஸ்கோவாட்ஸ் ஊரில் எந்தப் பெண்ணும் செய்வதுதான். யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

கோப்பை கவிழ்ந்தால் ஒலி சுத்தம். நிமிர்ந்தே இருந்தால் கோளாறு இருக்கிறது.

போன வருடம் ஓக்னெனின் கார் பாடியபோது கோப்பை கவிழவே இல்லை. "கரகரக்குது," என்று ராதிசாவ் மைக்கில் சொன்ன ஒரே வார்த்தையில் அவன் முதல் பரிசு போனது.

இன்று வேலையை நிதானமாகவே ஆரம்பித்தார். எர்த் வயரைச் சுரண்டி மறுபடி முடுக்கினார். சதுர பேட்டரி ஒன்றை வயர் முனைகளில் தொட்டுப் பார்த்தார். இரண்டு ஸ்பீக்கர் கோன்களும் ஒன்றாக வெளியே எம்பின. பிளஸ், மைனஸ் மாறவில்லை. கோனை நான்கு விரலால் மெல்ல அமுக்கினார். உள்ளே கம்பிச்சுருள் எதிலும் உரசவில்லை.

பெட்டியின் மூலையில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. முடுக்கினார். அப்பாடா, இதுதான்.

"போடு பாட்ட."

பெட்டி அவர் தொடையில் இடித்தது. உருண்டையாக, அழகாக இடித்தது. எதிரே பார்த்தார்.

தேசங்கா கோப்பையைக் கவிழ்த்தாள்.

"கண்ணாடி மாதிரி இருக்குடா," என்று நிமிர்ந்தார் ராதிசாவ். "சனிக்கிழமை வந்து சேரு."

எதிர் ரொட்டிக்கடைக்காரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று பேரில் ஒருவன் சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்துவிட்டான். இன்னொருவனின் போன் ராதிசாவின் முகத்துக்கு நேராக இருந்தது.

ஓக்னென் கிட்டே வந்தான். கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல் வாயை அகல அகலத் திறந்து சொன்னான்.

"பெரியப்பா. சப்வூஃபர்ல ஒண்ணுமே இல்ல. தலைக்கு மேல பாருங்க."

தூக்கி நிறுத்திய கதவின் வெளிப்பக்கம் நம்பர் பிளேட். ஒரு திருகாணியை வேண்டுமென்றே கழற்றி விட்டிருந்தான். ஒற்றைத் திருகாணியில் தொங்கி, தகரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ராதிசாவ் தொட்டார். கைக்குள் தேனீ மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"தெரு நாய்க்குக்கூடக் கேக்குது. இந்தச் செவிட்டுக் காதுக்கா என் பரிசக் காவு குடுத்தேன்?"

போன் பிடித்திருந்தவன் இன்னும் நெருங்கி வந்தான். "இன்னொரு வாட்டி சொல்லுங்க மாஸ்டர். கண்ணாடி மாதிரின்னு."

சாயங்காலத்துக்குள் இந்த வீடியோ நிஷ் வரை போய்விடும். நாற்காலி போனதுதான்.

ராதிசாவ் அவன்களைப் பார்க்கவில்லை. தேசங்காவைப் பார்த்தார். அவள் எழுந்துபோய், வாசலோர அடுப்பருகே முதுகைக் காட்டி நின்று, புதுக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பயல்களுக்கு.

தங்கை மகன். ரத்தம் ரத்தத்தோடு சேர்ந்துகொண்டது. விற்றுவிட்டாள்.

ஓக்னென் கதவை அறைந்து மூடினான். உட்கார்ந்து வண்டியைப் பின்னால் எடுத்தான். தேசங்காவின் முதுகுக்கு மிக அருகே வந்ததும், கல்யாண ஊர்வலத்துக்காக மாட்டிய காற்று ஹார்னை முழுக்கையால் அழுத்தினான். சும்மா, ஒரு விளையாட்டுக்கு.

ராதிசாவின் நெஞ்செலும்பே அதிர்ந்தது. கூரைப் புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. ரொட்டிக்கடைக்காரி தட்டைக் கீழே போட்டாள். போன் பிடித்திருந்தவன் துள்ளிக் குதித்தான்.

தேசங்கா சாய்த்துப் பிடித்திருந்த பாத்திரத்திலிருந்து காபி நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நூல் அசையவில்லை.

பயல்கள் ஏறிக்கொள்ள, கார் போய்விட்டது.

ராதிசாவ் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். அப்போதுதான் அவள் திடுக்கிட்டாள்.

குரலே விடாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"ஏன் கவுத்த?"

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு அது உடனே புரிந்தது.

"உங்க மூஞ்சி தெளிஞ்சுது," என்றாள் தேசங்கா. "எப்பவும் அதப் பாத்துத்தான கவுக்கறேன்."