ஒற்றை மணிக்கு மேல் அடிக்காத போன்

திரைச்சீலைகளை இழுத்து மூடிய அறையில்தான் தலைவலிக்காரர்கள் கூடுவார்கள். வாசனை ஆகாதென்பதால் மல்லிகைப்பூவைக்கூட வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். "கண்ணுக்குப் பின்னால கம்பிய விட்டுத் திருகும். அந்த ஒத்தக் கண்ல மட்டும் தண்ணி கொட்டும்," என்று கூட்டத்தில் மூத்தவரான அமலதாஸ் சொன்ன அன்று, அதே வலிக்கு வீட்டில் 'எல்லாம் மனசுதான்' என்றே கேட்டுச் சலித்துப் புதிதாக வந்திருந்த பூங்கோதை விம்மி அழுதாள். ஆக்சிஜனுக்கு அந்த வலி அடங்குமென்று சொல்லி, அவளை விவரம் தெரிந்த டாக்டரிடம் அழைத்துப்போய், சிலிண்டருக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வலியில் கிடப்பவருக்குச் சத்தம் ஆகாது. அதனால் கூட்டத்துக்கு வராதவரின் போனை ஒரே ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார்கள். வலி விட்டதும் அவர் பதிலுக்கு ஒரு மணி அடிப்பார். அதுவரை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஒருமுறை பூங்கோதை அப்படி அடித்தபோது அமலதாஸிடமிருந்து பதில் மணி வரவில்லை. "அண்ணன் இருட்டுல படுத்திருப்பாரும்மா, விடு," என்றார்கள். அவளும் விட்டுவிட்டாள். கடைசியில் அக்கம்பக்கத்தார்தான் கதவை உடைத்தார்கள். அவர் எப்படிச் செத்தார் என்று கூட்டத்தில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் பூங்கோதைக்கு வலி வந்தது. ஆக்சிஜன் முகமூடியை வைத்து மூச்சிழுத்தாள். அடங்கியது. அமலதாஸின் எண்ணை அழுத்தினாள். ஒரு மணி அடித்தது. இந்தத் தடவை அவள் வைக்கவில்லை.